சில்லறை கேட்ட தாய்மார்

இவ்வாண்டு நம் பள்ளித் தமிழ் மன்றத்தில் நடைபெற்ற பட்டிமன்றத்தை நம் சகோதரியர் மறந்திருக்க மாட்டார்கள். "ஏழை எளியவருக்குத் தொண்டு செய்யும் சங்கத்திற்குத் தலைமை தாங்க வேண்டியவர் கற்றுத் தேர்ந்தவரா, அந்த ஏழை எளியவரிலேயே ஒருவரா?" என்பது தலைப்பு. இரண்டாவது கட்சிக்காக வழக்காடிய நாங்கள் தோற்றோம். தீர்ப்பைக் குறை கூற நாங்கள் பேனா எடுக்கவில்லை. எதிரணியினர் எங்களைவிட நன்றாகப் பேசினார்கள் என்பதை ஒப்புக்கொள்கிறோம். ஆயினும், மணி அடித்துவிட்டதால் சொல்ல முடியாமற்போன செய்தி ஒன்று எங்கள் நெஞ்சிலேயே தங்கிவிட்டது. அதை இம்மலரின் பக்கங்களில் சொல்லிவிட ஆசிரியை அவர்கள் இடம் தந்தார்கள்.

அந்தச் செய்தி நம் நாட்டைப் பற்றியதன்று. அமெரிக்க ஐக்கிய நாட்டில் வாழும் இலத்தீனோ மக்களைப் பற்றியது. மெக்சிக்கோ, போர்த்தோ ரிக்கோ, கியூபா முதலிய ஸ்பானிய மொழி வழங்கும் நாடுகளைப் பூர்வீகமாகக் கொண்டவர்களை அங்கே அவ்வாறு அழைக்கிறார்கள். 2020-ஆம் ஆண்டு மக்கள் தொகைக் கணக்கின்படி அவர்கள் 6 கோடியே 21 லட்சம் பேர். ஏறத்தாழ ஐந்து அமெரிக்கரில் ஒருவர். இவர்கள் எல்லாரும் பிழைப்புத் தேடி அண்மையில் வந்தவர்கள் என்று எண்ணிவிடக் கூடாது. டெக்சாஸ் மாநிலம் ஒரு காலத்தில் மெக்சிக்கோவின் பகுதியாகவே இருந்தது. அங்கே சில குடும்பங்கள் இருந்த இடத்தைவிட்டு அசையவே இல்லை. நாட்டின் எல்லைதான் அவர்களைத் தாண்டிப் போயிற்று!

அந்த டெக்சாசில் சான் அன்டோனியோ என்றொரு மாநகரம். அதன் மேற்குப் பகுதியில் மெக்சிக்க வழிவந்த ஏழைத் தொழிலாளர் குடும்பங்கள் நெருங்கி வாழ்ந்தன. மழை பெய்தால் தெருவே ஓடையாகும். வீட்டுக்குள் நீர் புகும். பிள்ளைகள் சேற்றில் நடந்து பள்ளிக்குப் போவார்கள். வெள்ளம் ஆளையே கொண்டுபோன நாட்களும் உண்டு. இத்தனைக்கும் அங்கே வடிகால் அமைக்க வேண்டும் என்பது 1945-லேயே ஏட்டில் ஏறிய திட்டம். ஏட்டில் ஏறியது தரைக்கு இறங்கவில்லை. நகரின் வடபுறத்தில் புதிதாக எழுந்த பணக்காரக் குடியிருப்புகளுக்கோ சாலையும் வடிகாலும் தாமாகவே நடந்து போயின.

1973-ஆம் ஆண்டில் எர்னஸ்டோ கார்ட்டெஸ் என்னும் இளைஞர், சிகாகோவில் மக்களை ஒன்று திரட்டும் முறைகளைப் பயின்றுவிட்டுத் தம் சொந்த ஊரான சான் அன்டோனியோவுக்குத் திரும்பினார். அவர் செய்த முதல் வேலை கூட்டம் போடுவதன்று. வீடு வீடாகப் போய் மக்கள் சொல்வதைக் கேட்பது. ஏறத்தாழ ஆயிரம் பேரிடம் அவர் இவ்வாறு பேசினார் என்கிறார்கள். ஊரில் தலைவர் என்று பெயர் எடுத்திருந்த அரசியல்வாதிகளை அவர் நாடவில்லை. பங்குத் திருவிழாவை ஆண்டுதோறும் நடத்துகிறவர் யார், கோயிலுக்கு நிதி திரட்டுகிறவர் யார், பள்ளியின் பெற்றோர் ஆசிரியர் கழகத்தில் அலைந்து வேலை செய்கிறவர் யார் என்று தேடினார். தேடியபோது கிடைத்தவர்கள் பெரும்பாலும் பெண்கள். சமையலறையிலிருந்து கைத்துடைத்துக்கொண்டு வாசலுக்கு வந்தவர்கள். திருவிழா அன்று இருநூறு பேருக்கு உணவு சமைத்து, கணக்கு எழுதி, காசு குறையாமல் பங்குத் தந்தையிடம் ஒப்படைக்கிற ஒருத்தியால் மாநகராட்சியின் கணக்கைப் படிக்க முடியாதா? முடியும் என்று நம்பினார் கார்ட்டெஸ். அந்த நம்பிக்கையிலிருந்துதான் எல்லாம் பிறந்தது என்பது எங்கள் கருத்து.

1974-ல் கத்தோலிக்கப் பங்குகளை அடித்தளமாகக் கொண்டு, 'பொதுச் சேவைக்காக ஒருங்கிணைந்த சமூகங்கள்' என்று பொருள்படும் சங்கம் ஒன்று உருவாயிற்று. அதன் ஆங்கிலப் பெயரின் முதல் எழுத்துகளைச் சேர்த்தால் 'காப்ஸ்' என்று வரும். காவலரைக் குறிக்கும் கொச்சைச் சொல்லும் அதுவே. குறும்புக்காரர்கள்தாம்! பங்குகளே சந்தா செலுத்தின. அரசாங்கப் பணம் ஒரு காசும் வேண்டாம் என்றார்கள். எந்தக் கட்சிக்கும் எந்த வேட்பாளருக்கும் ஆதரவு சொல்வதில்லை என்றும் விதி வைத்துக்கொண்டார்கள். முதல் தலைவர் ஆண்ட்ரஸ் சராபியா, விமானப்படைத் தளத்தில் வேலை பார்த்தவர். அவருக்குப் பின் தலைமை பெண்கள் கைக்கு வந்தது: பியாட்ரிஸ் கயேகோ, கார்மன் பாடியோ, பியாட்ரிஸ் கார்ட்டெஸ், சோனியா ஹெர்னாண்டஸ்.

அவ்வாண்டு ஆகஸ்டு மாதம் மேற்குப் பகுதியை மீண்டும் வெள்ளம் சூழ்ந்தது. மக்கள் நகர நிர்வாகியைத் தங்கள் கூட்டத்திற்கே வரவழைத்துக் கேள்வி கேட்டார்கள். அழுது புலம்பவில்லை; அதற்கு முன்பே அவர்கள் மாநகராட்சி அலுவலகத்தில் உட்கார்ந்து பழைய திட்டங்களையும் வரைபடங்களையும் படித்து முடித்திருந்தார்கள். எந்தத் தெருவுக்கு எந்த ஆண்டில் எவ்வளவு ஒதுக்கப்பட்டது என்பது அதிகாரியைவிட அந்தத் தாய்மாருக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. அதே நவம்பரில் வடிகால் வேலைக்காக 4 கோடியே 68 லட்சம் டாலர் கடன் பத்திரத் திட்டம் வாக்காளரின் ஒப்புதல் பெற்றது.

இனி, தலைப்பில் நாங்கள் குறிப்பிட்ட சில்லறைக்கு வருவோம்.

1975-ன் தொடக்கத்தில் நகரின் வரவு செலவுத் திட்டத்தில் ஏழைகளின் பகுதிக்கு உரிய பங்கு வேண்டும் என்று கேட்டார்கள். நகரசபைக்குப் பின்னால் இருந்து முடிவு செய்கிறவர்கள் பெரிய வணிகர்கள் என்பதைக் கண்டுகொண்டு, அவர்களின் வாசலுக்கே போனார்கள். ஜோஸ்கிஸ் என்னும் பெரிய துணிக்கடைக்குள் நூற்றுக்கணக்கான பெண்கள் நுழைந்தார்கள். விலையுயர்ந்த ஆடைகளை ஒவ்வொன்றாக எடுத்தார்கள், அணிந்து பார்த்தார்கள், கண்ணாடி முன் நின்றார்கள், திரும்ப வைத்தார்கள், அடுத்ததை எடுத்தார்கள். ஒருவரும் ஒன்றும் வாங்கவில்லை. வேறு வாடிக்கையாளர் உள்ளே வர முடியவில்லை. துணி எடுத்துப் பார்ப்பது குற்றமா? எந்தச் சட்டத்திலும் இல்லையே! (இந்தக் கடையைப் பற்றி வேறொரு சுவையான செய்தியும் உண்டு. அதன் பக்கத்தில் புனித சூசையப்பர் ஆலயம் இருக்கிறது. கடையைப் பெரிதாக்க ஆலய நிலத்தை விலைக்குக் கேட்டார்கள். பங்கு மக்கள் விற்க மறுத்துவிட்டார்கள். வேறு வழியின்றி ஆலயத்தைச் சுற்றி மூன்று பக்கமும் கடையை எழுப்பினார்கள். ஊர் மக்கள் அதைக் கேலியாகப் 'புனித ஜோஸ்கி' என்றார்களாம். கடை மூடப்பட்டு நெடுநாளாயிற்று. ஆலயம் இருக்கிறது.)

அடுத்து ஃபிராஸ்ட் வங்கி. வரிசையில் நின்ற தாய்மார் டாலர் நோட்டைக் கொடுத்துச் சில்லறைக் காசுகளாகக் கேட்டார்கள். வாங்கியவர்கள் அடுத்த வரிசையில் நின்று அந்தக் காசுகளைக் கொடுத்து நோட்டாகக் கேட்டார்கள். மறுபடியும் சில்லறை, மறுபடியும் நோட்டு. வங்கியின் வேலை நின்றுபோயிற்று. வங்கியின் தலைவர் பேச்சுக்கு வர நேர்ந்தது.

இது சரியா? எங்களுக்குள்ளேயே இதைப் பற்றிக் கருத்து வேற்றுமை எழுந்தது. அன்று கடையில் துணி மடித்த பெண்ணும், வங்கியில் காசு எண்ணிய எழுத்தரும் என்ன பிழை செய்தார்கள்? அவர்களும் மாதச் சம்பளத்துக்கு உழைத்தவர்கள்தாமே? இந்தக் கேள்வியை எங்களில் ஒருத்தி விடாமல் கேட்டாள். அவளுக்கு முழுமையான விடை எங்களிடம் இல்லை. எனினும் ஒன்று சொல்லத் தோன்றுகிறது. கல் வீசவில்லை, கண்ணாடி உடைக்கவில்லை, பொய் சொல்லவில்லை. முப்பது ஆண்டுகளாக மனுக் கொடுத்துப் பார்த்தவர்கள், ஒரு நாள் வரிசையில் நின்றார்கள். முப்பது ஆண்டுகள் அவர்கள் வீட்டில் புகுந்த தண்ணீரையும், ஒரு நாள் கடைக்காரருக்கு ஏற்பட்ட தொல்லையையும் தராசின் இரு தட்டில் வைத்தால் எது தாழும்?

இன்னொன்றும் கேளுங்கள். 1990-ல் சான் அன்டோனியோவில் லெவி ஸ்ட்ராஸ் ஆடை ஆலை மூடப்பட்டு, ஏறத்தாழ ஆயிரம் பேர் வேலை இழந்தனர். பெரும்பாலும் இலத்தீனோ பெண்கள். தையல் அன்றி வேறு தொழில் அறியாதவர்கள். அவர்களைப் போன்றவர்களுக்கு மருத்துவ உதவி போன்ற துறைகளில் நீண்ட காலப் பயிற்சி அளித்து நல்ல சம்பளத்தில் வேலைக்கு அனுப்ப 1992-ல் 'குவெஸ்ட்' என்னும் திட்டம் தொடங்கிற்று. தொடங்கியவர்கள் காப்ஸ் சங்கத்தாரும் அதன் தோழமைச் சங்கத்தாரும். அதற்குத் துணை நின்ற நகரப் பெரியவர்களில் ஒருவர் யார் தெரியுமா? சில்லறை கேட்டு முற்றுகையிடப்பட்டாரே, அதே ஃபிராஸ்ட் வங்கியின் டாம் ஃபிராஸ்ட்! பகைவரை நிரந்தரப் பகைவராக வைத்துக்கொள்ளாத பக்குவம் அந்தத் தாய்மாருக்கு இருந்தது. அந்தப் பெரியவருக்கும் இருந்தது என்று சொல்வதே நியாயம்.

எதிரணித் தலைவி எங்களைப் பார்த்து ஒரு கேள்வி கேட்டாள்: "எட்டாம் வகுப்பைத் தாண்டாத ஒருத்தி மாநகரசபையில் போய் என்ன பேசுவாள்?" அன்று எங்களுக்குப் பதில் வரவில்லை. பிறகு நூலகத்தில் தேடியபோது வர்ஜீனியா ராமிரெஸ் என்ற பெண்மணியின் வரலாறு கிடைத்தது. அவர் எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர். குடும்பமே உலகம் என்று இருந்தவர்.

ஒரு குளிர்காலத்தில் அவருடைய அண்டை வீட்டு மூதாட்டி இறந்துபோனார். வீடு சிதைந்து குளிர் உள்ளே புகுந்ததே காரணம். வர்ஜீனியாவுக்குக் கோபம் வந்தது. பங்கில் நடந்த காப்ஸ் கூட்டத்துக்குப் போய், "இதையெல்லாம் கவனிக்கத்தானே நீங்கள் இருக்கிறீர்கள்? என்ன செய்யப் போகிறீர்கள்?" என்கிற பொருளில் கேட்டார். அங்கிருந்த அமைப்பாளர் ஒரு கன்னியர். அவர் ஆறுதல் சொல்லவில்லை, வாக்குறுதி தரவில்லை. நீங்கள் என்ன செய்யப் போகிறீர்கள் என்று கேள்வியை அவரிடமே திருப்பினார். வர்ஜீனியா சினந்து வெளியேறிவிட்டார். எங்களுக்கும் அந்த இடத்தில் சினம் வந்திருக்கும்! ஆனால் அந்தக் கன்னியர் சில நாட்கள் கழித்து அவர் வீட்டுக் கதவைத் தட்டினார். கன்னியராயிற்றே என்பதற்காகத்தான் வர்ஜீனியா கதவைத் திறந்தாராம். அக்கம் பக்கத்தாரை உங்கள் வீட்டுக்கு அழைத்துப் பேசுங்கள் என்பது மட்டுமே கன்னியர் கேட்டது.

வந்தவர்கள் ஒரு சிலர்தாம். அந்தச் சிலர் நகராட்சியின் கணக்கைப் புரட்டத் தொடங்கினார்கள். சிதைந்த வீடுகளைப் பழுது பார்க்க ஒதுக்கிய பணம், வசதி படைத்தோர் பகுதியில் சாலை போடத் திருப்பிவிடப்பட்டது தெரியவந்தது. நகரசபையில் பேச வேண்டியவர் வர்ஜீனியா. மேடை ஏறியதும் மனப்பாடம் செய்து வைத்திருந்த பேச்சு முழுவதும் மறந்துபோயிற்று. திரும்பிப் பார்த்தார். அவர் தெருவைச் சேர்ந்தவர்கள் பின்னால் நின்றுகொண்டிருந்தார்கள். மனப்பாடத்தை விட்டுவிட்டு, நடந்ததைச் சொன்னார். பணம் வீடுகளுக்கே திரும்ப வந்தது.

அவர் கணவருக்கு இதெல்லாம் பிடிக்கவில்லை. வீட்டில் பூசல் எழுந்தது. அதற்கும் மேலாக, விட்ட படிப்பைத் தொடர்ந்து, பள்ளித் தேர்வு எழுதி, கல்லூரிக்கும் போனார் வர்ஜீனியா. பின்னாளில் அதே சங்கத்தின் தலைவியருள் ஒருவராகவும் விளங்கினார். படித்ததனால் தலைவியானார் என்பதைவிட, தலைமைப் பொறுப்பு ஏற்றதனால் படிக்கப் புறப்பட்டார் என்பதே பொருந்தும்.

இங்கே நம் அருட்சகோதரியரிடம் ஒரு வார்த்தை. காப்சின் கதையில் கன்னியரின் பங்கு சிறியதன்று. தெய்வீகப் பராமரிப்புச் சபையின் சகோதரி கிறிஸ்டின் ஸ்டீபன்ஸ் போன்றோர் பல ஆண்டுகள் அமைப்பாளராக உழைத்தார்கள். பேராயர் ஃபியூரியும், மெக்சிக்க அமெரிக்கருள் முதன்முதல் ஆயராகத் திருநிலை பெற்ற பாட்ரிசியோ புளோரசும் ஆதரவு தந்தார்கள். ஆனால் மேடையில் பேசியவர்கள் அவர்கள் அல்லர். அமைப்பாளர் பின்னால் நிற்க வேண்டும். பிறர் தாமே செய்துகொள்ளக் கூடியதை அவர்களுக்காகத் தாம் செய்துவிடக் கூடாது. இதை அந்த இயக்கத்தார் இரும்பு விதி என்றே சொல்வார்கள். கார்ட்டெஸும் 1976-ல் லாஸ் ஏஞ்சலஸ் நகரத்துக்குப் போய்விட்டார். சங்கம் சரியவில்லை.

1977-ல் நகரசபைத் தேர்தலை வட்டாரவாரியாக நடத்தும் முறை குறைந்த வாக்கு வித்தியாசத்தில் வந்தது. அதுவரை ஊர் முழுவதும் சேர்ந்து எல்லா உறுப்பினரையும் தேர்ந்தெடுத்ததால் ஏழைகளின் பகுதிக்கு ஆளே இல்லாத நிலை இருந்தது. அவ்வாண்டு முதன்முறையாக மெக்சிக்க அமெரிக்கரும் கறுப்பின மக்களும் சேர்ந்து சபையில் பெரும்பான்மை பெற்றனர்.

எங்கள் கட்சிக்கு எதிரான சான்றுகளையும் மறைக்க மாட்டோம். அந்தோனியா பாந்தோகாவை எடுத்துக்கொள்வோம். அவர் போர்த்தோ ரிக்கோவில் 1922-ல் ஏழைக் குடும்பத்தில் பிறந்து, கிராமப் பள்ளியில் ஆசிரியையாக இருந்து, 1944-ல் நியூயார்க்குக்கு வந்து தொழிற்சாலையில் பற்றவைப்பு வேலை செய்தவர். வேலை செய்துகொண்டே படித்துப் பட்டம் மேல் பட்டம் பெற்றவர். 1961-ல் 'அஸ்பிரா' என்னும் சங்கத்தை நிறுவினார். 'உயர விரும்பு' என்பது அதன் பொருள். அப்போது நியூயார்க் பள்ளிகளில் போர்த்தோ ரிக்கோப் பிள்ளைகளின் நிலை எப்படி இருந்தது? 1963-ல் கல்லூரிக்குத் தகுதி தரும் சான்றிதழ்கள் ஏறத்தாழ 21,000 வழங்கப்பட்டன. அவற்றில் இந்தப் பிள்ளைகள் பெற்றவை வெறும் 331! அறிவில் குறைந்தவர்களா? வகுப்பில் பேசப்பட்ட மொழி அவர்களுக்குப் புரியவில்லை, அவ்வளவே. அஸ்பிரா தொடுத்த வழக்கின் பயனாக 1974-ல், ஆங்கிலம் போதாத ஸ்பானிய மொழிப் பிள்ளைகளுக்கு அவர்கள் மொழியிலும் பாடம் சொல்லித்தர நகரக் கல்வி வாரியம் உடன்பட்டது. ஒரு மொழியில் சிந்தித்து வேறொரு மொழியில் தேர்வு எழுதும் வேதனை நம்மில் பலருக்குத் தெரியாததா என்ன?

"பாந்தோகா படித்தவர்தானே, எங்கள் கட்சிதானே?" என்று எதிரணியினர் கேட்கலாம். கேட்கட்டும். படித்தவர்தான். ஆனால் அவர் சங்கத்தின் பலத்தை எங்கே வைத்தார்? பள்ளி மாணவர் மன்றங்களில். நம் வயதுப் பிள்ளைகள் தங்களுக்குள் தலைவரைத் தேர்ந்தெடுத்து, தங்கள் பகுதியின் குறையைத் தாங்களே ஆராய்ந்து, தாங்களே செயலில் இறங்கினார்கள். சங்கத்தின் சின்னமாக அவர்கள் கொண்டது பித்திர்ரே என்னும் சிட்டு போன்ற சிறு பறவை. பருந்தையே துரத்தும் துணிவு அதற்கு உண்டாம். 1966-ல், சங்கம் தொடங்கிய ஐந்தே ஆண்டுகளில், பாந்தோகா அதன் பொறுப்பிலிருந்து விலகினார். அதன் பிறகுதான் அஸ்பிரா நியூ ஜெர்சி, இல்லினாய்ஸ், பென்சில்வேனியா என்று பரவிற்று.

இதற்கு நேர்மாறானவரும் உண்டு. இன்று 'யூனிடோஸ் யூ.எஸ்.' என்று வழங்கும் பெரிய சங்கத்தை ரவுல் இசகீரே 1974 முதல் 2004 வரை முப்பது ஆண்டுகள் ஒருவராகவே நடத்தினார். சிறியதாகப் பெற்றதை நாட்டின் மிகப் பெரிய இலத்தீனோ உரிமைச் சங்கங்களில் ஒன்றாக ஒப்படைத்தார். அவருக்குப் பின் 2005-ல் பொறுப்பேற்றவர் ஜேனட் முர்கியா என்ற பெண்மணி. எஃகு ஆலைத் தொழிலாளியின் மகள். முப்பது ஆண்டுகள் ஒருவரே நாற்காலியில் இருந்ததால் சங்கம் கெட்டுவிட்டது என்று எங்களால் சொல்ல முடியவில்லை. தலைநகரில் அமைச்சர்களோடு வாதாட நீண்ட அனுபவம் வேண்டும் போலும். ஆனால் மேற்குப் பகுதியின் தெருவில் தண்ணீர் புகுந்தால் எழுப்பி விட வேண்டியது பக்கத்து வீட்டுக்காரியை அல்லவா? எங்களுக்கு அந்தச் சங்கமே பிடித்திருக்கிறது. இது எங்கள் சார்பு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பட்டிமன்றத்திற்கு மறுநாள் எதிரணித் தலைவியிடம் வர்ஜீனியாவின் கதையைச் சொன்னோம். சிறிது நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு, "கதவைத் தட்டிய அந்தக் கன்னியர் படித்தவர்தானே?" என்றாள். ஆம், படித்தவர்தான். "அப்படியானால் பாதி வெற்றி எங்களுக்கு" என்று சொல்லிச் சிரித்தாள். அந்தப் பாதியை மகிழ்ச்சியோடு கொடுத்துவிட்டோம்.